‘பார்த்துக்கலாமுங்க’ என்ற பதிலுக்கு அப்புறம் என்ன கேட்பது?

வாசகர் கேள்வி: திருப்பூர் மாவட்டம் அவிநாசி ஒன்றியத்தில் எங்கள் ஊராட்சி. நாங்கள் இருக்கும் ஊரில் மட்டும் சுமார் 240 வீடுகள். நல்ல தண்ணி எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் வருகிறது. கடைசி வீதிக்கு அதுவும் சொட்டுச் சொட்டாக. சமுதாயக் கூடம் கட்டிய நாளிலிருந்து பூட்டியே கிடக்கிறது. புதுசாகச் சைட் போட்ட பக்கம் விளக்கு இல்லை. நூலகம் திறப்பதே இல்லை. கிராம சபையில் எழுந்து கேட்டால், “எழுதிக்கறோமுங்க, பார்த்துக்கலாமுங்க” என்பதோடு சரி. இப்போது தலைவரும் கிடையாது, தனி அலுவலர்தான். முன்னாள் தலைவர் எங்கள் பங்காளி வீடு என்பதால், அழுத்திக் கேட்டால் சொந்தத்துக்குள் மனஸ்தாபம் வரும். எப்படிக் கேட்டால் பதில் வரும்?

பதில்:

வணக்கம் அம்மா. “எங்கள் வீதிக்கு ஏன் தண்ணீர் வரவில்லை?” என்று நீங்கள் கேட்பது அலுவலகக் கணக்கில் கேள்வி இல்லை, புகார். புகாருக்கு “உரிய நடவடிக்கை எடுக்கப்படும்” என்று ஒரு வரி எழுதினால் போதும், கோப்பு முடிந்துவிடும். பதிவேட்டில் இருக்க வேண்டிய ஒன்றைக் கேட்டால் அப்படித் தட்டிக்கழிக்க முடியாது. இருந்தால் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ‘இல்லை’ என்று எழுதித் தர வேண்டும். எது வந்தாலும் உங்கள் கையில் ஒரு தாள் சேர்கிறது. கீழே சொல்வதெல்லாம், உங்கள் நான்கு குறைகளையும் அப்படிப் பதிவேட்டுக் கேள்விகளாக மாற்றுவது பற்றித்தான்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. எது யாருடைய பொறுப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் தண்ணீர் விநியோகம், தெருவிளக்கு, குப்பை, ஊராட்சிச் சாலை, சுடுகாடு ஆகியவை ஊராட்சியைச் சேர்ந்தவை. ஒன்றியத் தொடக்கப் பள்ளிக் கட்டடமும் ஒன்றியச் சாலையும் யூனியன் ஆபீஸ். அங்கன்வாடிக்கு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகம், ரேஷன் கடைக்குக் கூட்டுறவும் உணவு வழங்கல் துறையும், நூலகத்துக்கு மாவட்ட நூலக அலுவலர். அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தை இதில் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2024 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டம் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து பவானியின் உபரி நீரை எடுத்து 1,045 குளம் குட்டைகளை நிரப்பி நிலத்தடி நீரை ஏற்றுவதற்கானது. அது நீர்வளத் துறையின் பொறுப்பு. குளத்துக்குத் தண்ணீர் வந்தும் வீட்டுக் குழாயில் வரவில்லையே என்று ஊராட்சியில் சண்டை போட்டால், பதில் சொல்ல வேண்டியவர் அங்கே இருக்க மாட்டார்.

தனி அலுவலர் என்றீர்கள். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு உங்கள் மாவட்டத்தின் கிராம ஊராட்சிகளில் பதவிக்காலம் முடிந்து, வட்டார வளர்ச்சி அலுவலர் தனி அலுவலராகப் பொறுப்பேற்றார். ஊராட்சிச் செலவுக்கு ஒப்புதல் தருகிறவர் அவர்தான். பழைய மெம்பரிடம் மனுக் கொடுத்தால் அவர் மரியாதைக்கு வாங்கி வைத்துக்கொள்வார், அவ்வளவுதான். ஊராட்சிச் செயலர், அதாவது உங்கள் ஊர்க் ‘கிளர்க்’, பதிவேடுகளை எழுதி வைப்பவர். மனு இரண்டு பிரதி எழுதி, ஒன்றை அவரிடமோ யூனியன் ஆபீஸ் தபால் பிரிவிலோ கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போடத் தயங்கினால் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் 2025-இல் அதோடு சேர்ந்துவிட்டது.

இனி தண்ணீர். நான்கில் இதுதான் பெரிது, பதிவேடும் இதற்குத்தான் அதிகம்.

உங்கள் ஊரில் இரண்டு தண்ணீர் ஓடுகிறது. ஒன்று கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் ஆற்றுத் தண்ணீர். மற்றது ஊராட்சியே போர் போட்டு ஏற்றும் உப்புத் தண்ணி. ஆற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியம் உங்கள் ஊர்ச் சம்ப் (தரைமட்டத் தொட்டி) வரைக்கும் கொண்டுவந்து விடும். அங்கிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி, வால்வு திறந்து, வீதி வீதியாக விடுவது ஊராட்சியின் வேலை. ஆகவே குறை சம்ப்புக்கு முன்னாலா, பின்னாலா என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். இது தெரியாமல் கேட்டால் ஊராட்சி வாரியத்தைக் காட்டும், வாரியம் ஊராட்சியைக் காட்டும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு தாள் போதும். வாரியம் கொடுக்கும் தண்ணீருக்கு ஊராட்சி காசு கட்டுகிறது. எத்தனை ஆயிரம் லிட்டர், எவ்வளவு தொகை என்று வாரியத்திலிருந்து கேட்பு நோட்டீஸ் வரும். ஊராட்சியின் வங்கிக் கணக்குகளில் இரண்டாம் எண் கணக்கு, மின்கட்டணத்துக்கும் இந்தக் குடிநீர்க் கட்டணத்துக்கும் என்றே தனியாக வைத்திருப்பது. அந்த நோட்டீஸின் நகலைக் கேளுங்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 240 வீடு, வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 960 பேர். தொட்டியின் கொள்ளளவு தொட்டி மேலேயே எழுதியிருக்கும். 30,000 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். எட்டு நாளைக்கு ஒரு தடவை ஒரு தொட்டி விட்டால் ஆளுக்கு 31 லிட்டர் சொச்சம், நாளுக்கு நான்கு லிட்டர்கூட இல்லை. மாதக் கணக்கில் அது 112 ஆயிரம் லிட்டர்தான். நோட்டீஸில் உங்கள் ஊர்ச் சம்ப்புக்கு 400 ஆயிரம் லிட்டர் என்று இருந்தால், மீதி எங்கே போயிற்று என்பதுதான் கிராம சபையில் கேட்க வேண்டிய கேள்வி. குழாய் உடைந்து ஒழுகலாம், நடுவழியில் திருட்டு இணைப்பு இருக்கலாம், மீட்டர் ஓடாமல் சராசரிக் கணக்கில் பில் போட்டிருக்கலாம். நோட்டீஸிலேயே 112 ஆயிரம்தான் என்றால் ஊராட்சியைக் குறை சொல்லிப் பயனில்லை, வாரியத்தின் உதவி நிர்வாகப் பொறியாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். நோட்டீஸ் ஊராட்சி முழுமைக்கும் சேர்த்தா, உங்கள் ஊருக்கு மட்டுமா என்பதை மட்டும் கவனமாகப் பாருங்கள். இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போட்டுச் சபையில் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். 960 பேருக்கு 52,800 லிட்டர். “55 லிட்டர் எங்கே?” என்று கேட்டால், உப்புத் தண்ணியையும் சேர்த்து 60 லிட்டர் கொடுக்கிறோம் என்று பதில் வரலாம். அதனால் இரண்டு தண்ணீரையும் தனித்தனியாகக் கேளுங்கள். உப்புத் தண்ணியின் பரிசோதனை அறிக்கையையும் கேளுங்கள். இந்தியத் தர நிர்ணயத்தின்படி கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு ஆதாரமே இல்லாவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஃபுளோரைடு 1.5-க்கு மேலும் நைட்ரேட் 45-க்கு மேலும் இருக்கக் கூடாது.

போர் மோட்டார் பற்றி ஒரு நுணுக்கம். “மோட்டார் ரிப்பேருங்க, ரெண்டு மாசமா ஓடலை” என்பது வழக்கமான பதில். மோட்டாருக்குத் தனி மின் இணைப்பு எண் உண்டு. 7.5 குதிரைத் திறன் மோட்டார் மணிக்கு ஏறக்குறைய 6 யூனிட் இழுக்கும். நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 2,000 யூனிட்டுக்கு மேல் விழும். மோட்டார் ஓடவில்லை என்று சொன்ன இரண்டு மாதத்துக்கு 2,000 யூனிட் பில் வந்திருந்தால், ஓடியிருக்கிறது, தண்ணீர் வேறெங்கோ போயிருக்கிறது. பில் 50 யூனிட் என்றால் சொன்னது நிஜம். அப்போது ரிப்பேருக்கு எந்தத் தேதியில் கழற்றினார்கள், எவ்வளவு செலவானது என்று கேளுங்கள்.

கடைசி வீதிக்குச் சொட்டுச் சொட்டாக வருவது தனிக் கதை. மேல்நிலைத் தொட்டியிலிருந்து தண்ணீர் தானே இறங்கி வருகிறது. வீதிக் குழாய்க்கு மின்சாரம் தேவையில்லை. ஒரு நாள் தண்ணீர் விடும் நேரத்தில் கரண்ட் போகும்போது உங்கள் வீதியைக் கவனித்துப் பாருங்கள். கரண்ட் போனதும் குழாயில் வேகம் கூடினால், முன் வீதிகளில் குழாயோடு மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் என்று அர்த்தம். வேகம் மாறாமல் அப்படியே இருந்தால் வால்வு பாதிதான் திறக்கிறது, அல்லது குழாயில் அடைப்பு, அல்லது உங்கள் வீதி மேடு. இந்த ஒரு சோதனையை இரண்டு மூன்று வீட்டார் தேதி, நேரத்தோடு எழுதி வைத்தால் டேங்க் ஆப்பரேட்டரோடு வாக்குவாதமே வேண்டியதில்லை. தீர்வும் வேறுபடும். உறிஞ்சுவதுதான் காரணம் என்றால் மோட்டாரைப் பறிமுதல் செய்யச் சொல்லிக் கிராம சபைத் தீர்மானம். மேடுதான் காரணம் என்றால் உங்கள் வீதிக்குத் தனி வால்வு வைத்துத் தனி நேரம் ஒதுக்கக் கேட்க வேண்டும். தொட்டியை இன்னும் பெரிதாகக் கட்டச் சொல்லி மனுக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மேட்டுக்கு ஏறாத தண்ணீர் பெரிய தொட்டியிலிருந்தும் ஏறாது.

குளோரின் போடுகிறார்களா என்பதும் உங்களால் சரிபார்க்கக் கூடியதுதான். 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது வழக்கமான அளவு, 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். பக்கெட்டில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறக்க வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். பவுடர் மூட்டையைத் திறந்து போட்டால் சத்துப் போய்விடும். கணக்கில் 120 கிராம் இருந்தும் குழாயில் குளோரின் இல்லாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதிக்கப் பயிற்சியும் சோதனைப் பெட்டியும் தர வேண்டும். உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார், பெட்டி எங்கே என்று கேளுங்கள். சில ஊர்களில் பெட்டி பிரிக்காமலே அலமாரியில் இருக்கும்.

சமுதாயக் கூடத்துக்கு வருவோம். பூட்டிக் கிடக்கும் கட்டடத்துக்குப் பின்னால் பெரும்பாலும் நான்கில் ஒரு காரணம் இருக்கும். மின் இணைப்பு வாங்கவில்லை. ஒப்பந்ததாரருக்குக் கடைசி பில் பாக்கி, அதனால் சாவி வரவில்லை. கட்டடம் முறைப்படி ஊராட்சிக்கு ஒப்படைக்கப்படவில்லை. அல்லது நிலத்தின் வகைப்பாட்டில் சிக்கல். “எப்போது திறப்பீர்கள்?” என்றால் “சீக்கிரம்” என்பார்கள். அதை விட்டுவிட்டு, வேலை எந்த நிதியில் நடந்தது (சட்டமன்ற உறுப்பினர் நிதியா, நாடாளுமன்ற உறுப்பினர் நிதியா, ஒன்றியப் பொது நிதியா), வேலை உத்தரவு எண், எம்-புக்கில் (வேலையின் அளவுப் புத்தகம்) இறுதி அளவு எழுதிய தேதி, பணி நிறைவுச் சான்று, ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் அது ஏறிய வரிசை எண் ஆகியவற்றைக் கேளுங்கள். சொத்துப் பதிவேட்டில் இல்லை என்றால் காரணம் ஒப்படைப்பு. அதில் ஏறியிருந்து மின் இணைப்பு எண் மட்டும் இல்லை என்றால் காரணம் மின்சாரம். அது மாதக் கணக்கில் இழுக்க வேண்டிய விஷயமே இல்லை, விண்ணப்பமும் டெபாசிட்டும்தான்.

சைட் பக்கம் விளக்கு இல்லாததற்கு முதலில் பார்க்க வேண்டியது அந்த மனைப்பிரிவின் நிலை. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் சாலைகளையும், 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவாக இருந்தால் பொது ஒதுக்கீடாக 10 சதவீத இடத்தையும் (நம் பக்கம் ‘ரிசர்வ் சைட்’ என்பார்கள்) ஊராட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்குள் உள்ள மனைப்பிரிவில் மட்டும் அந்த இடத்துக்குப் பதில் பணம் கட்ட வழி உண்டு. சாலை ஊராட்சியின் பெயரில் இல்லாதபோது அங்கே விளக்குப் போடச் சொன்னால் தணிக்கையில் தடை விழும் என்று அலுவலர் பயப்படுவது நியாயம்தான். பத்திரம் ஆகியிருக்கிறதா என்று யாரையும் கேட்காமலே பார்க்கலாம். பதிவுத் துறை இணையதளத்தில் சர்வே எண் போட்டு வில்லங்கச் சான்றைக் கட்டணமில்லாமல் பார்வையிடலாம், தானப் பத்திரம் அதில் தெரியும். அங்கீகாரமில்லாத மனைப்பிரிவு என்றால், 2016 அக்டோபர் 20-க்கு முன் மனை விற்பனை நடந்ததா, வரன்முறைக்கு, அதாவது பின்னாளில் முறைப்படுத்த, விண்ணப்பித்தார்களா என்று பார்க்க வேண்டும். அங்கே விளக்குக்கு முந்தைய கேள்வி அது.

இருக்கிற விளக்கு எரியாத வீதிக்கு, கம்பத்தில் பெயிண்டில் எழுதிய எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பல்பு, ஃபிட்டிங் ஊராட்சி. கம்பம் சாய்ந்தது, கம்பி தொங்குவது மின்வாரியம், அதற்கு அவர்களின் புகார் மையமான மின்னகம் 94987 94987.

நூலகம்: வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள். ரசீதில் தனி வரியாக இருக்கும். அந்தப் பணம் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போக வேண்டும். வசூலித்தது எவ்வளவு, செலுத்தியது எவ்வளவு என்று ஊராட்சியிடமும், பணியாளர் யார், வேலை நேரம் என்ன என்று மாவட்ட நூலக அலுவலரிடமும் கேளுங்கள். 2006–11 காலத்தில் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டிய நூலகமாக இருந்தால் மட்டும் எல்லாக் கேள்வியும் ஊராட்சிக்கே. அந்தக் கட்டடங்கள் ஊராட்சியுடையவை.

அடுத்து, எங்கே கேட்பது. கிராம சபை நல்ல இடம்தான், ஆனால் அங்கே எழுந்து பேசியது பேச்சோடு போய்விடும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதுதான் நிற்கும். ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஏழு நாளுக்கு முன் அறிவிப்பு வர வேண்டும். அறிவிப்பு வந்ததும் உங்கள் பொருளை எழுத்தில் கொடுத்து, கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள். குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்ல வர வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள், மக்கள்தொகைப்படி: 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருப்பவர்தான் சபை உறுப்பினர். சைட் பக்கம் குடிவந்த பனியன் கம்பெனிக் குடும்பங்களின் ஓட்டு இன்னும் சொந்த ஊரிலேயே இருந்தால், அவர்கள் மனுக் கொடுக்கலாம், ஆனால் எண்ணிக்கையில் வர மாட்டார்கள். விளக்குக் கோரிக்கை சபையில் பலமில்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். மார்ச் 22, நவம்பர் 1 வேலை நாளில் வந்தால் கம்பெனிக்குப் போகிறவர்கள் வர முடியாது. பெரிய கோரிக்கையை மே 1, ஆகஸ்ட் 15-க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சபையில் பெரும்பாலும் நடக்கும் தவறு, வருகைப் பதிவில் முதலில் கையெழுத்து வாங்கிவிட்டு, தீர்மானத்தைப் பிறகு ஆபீஸில் உட்கார்ந்து எழுதுவது. கூட்டம் கலைவதற்கு முன் தீர்மானத்தை எழுதி வாசிக்கச் சொல்லுங்கள். வாசகத்தையும் நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள். “குடிநீர்ப் பிரச்சினை தீர்க்கப்பட வேண்டும்” என்ற தீர்மானத்தால் ஒரு குடம்கூட நிரம்பாது. “மாரியம்மன் கோயில் வீதிக் கடைசியில் 2 அங்குல வால்வு ஒன்று தனியாகப் பொருத்தி, வாரம் இரு நாள் காலை ஒரு மணி நேரம் அந்த வீதிக்கு மட்டும் விடுவது; செலவு ஊராட்சிப் பொது நிதி; இரண்டு மாதத்துக்குள்” என்று இருந்தால், அடுத்த சபையில் செய்தார்களா இல்லையா என்று ஒரே வரியில் கேட்கலாம். தீர்மானம் ஏறினால் பணம் ஒதுங்கிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மதிப்பீடும் தனி அலுவலரின் ஒப்புதலும் தனியாக வேண்டும். காசில்லை என்று சொன்னால், 15-ஆவது நிதிக்குழு மானியத்தைக் கேளுங்கள்: 2021–26 காலத்துக்கு அதில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டி வைத்த பணம். உங்கள் ஊராட்சி அதை எதற்குச் செலவழித்தது என்பது இ-கிராம் ஸ்வராஜ் என்ற ஊராட்சிக் கணக்கு இணையதளத்தில் வவுச்சர் வரைக்கும் தெரியும். கூட்டத்துக்கு முன் அதைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

சபையில் பதிவேட்டைக் காட்டவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். தண்ணீருக்கு இப்படி எழுதலாம்:

“1.4.2025 முதல் 30.6.2025 வரை, ……… ஊர் தொடர்பாக:
1. மேல்நிலைத் தொட்டிகள் ஒவ்வொன்றின் கொள்ளளவு.
2. கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் பெற்ற நீரின் அளவு. வாரியம் அனுப்பிய கேட்பு நோட்டீஸ்களின் நகல்.
3. ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களின் மின் இணைப்பு எண்கள். இக்காலத்துக்கான மின்கட்டண ரசீதுகளின் நகல்.
4. தொட்டி சுத்தம் செய்த தேதிகள். பிளீச்சிங் பவுடர் இருப்புப் பதிவேட்டின் இக்காலப் பக்கங்களின் நகல்.
5. மேற்கண்டவற்றில் எந்தப் பதிவேடாவது பராமரிக்கப்படவில்லை எனில் அதைக் குறிப்பிட்டுத் தெரிவிக்கவும்.
மேற்படி பதிவேடுகளைப் பிரிவு 2(j)-இன்படி நேரில் பார்வையிடவும் அனுமதி கோருகிறேன்.”

ஐந்தாவது வரியை விடாதீர்கள், மற்ற நான்கையும் பிடித்து நிறுத்துவது அதுதான். காலத்தை மூன்று மாதத்துக்குள் வையுங்கள். பத்து வருடக் கணக்கைக் கேட்டால் அலுவலக வேலை பாதிக்கும் என்று பிரிவு 7(9)-ஐக் காட்டி நகல் தர மறுத்து, நேரில் வந்து பாருங்கள் என்பார்கள். ‘ஏன்’, ‘எதனால்’ என்று கேட்க வேண்டாம். அலுவலகத்தில் இருக்கும் தகவலைத்தான் தர வேண்டும், விளக்கமோ கருத்தோ உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் சொல்லிவிட்டது. வரி பாக்கி வைத்தவர் பெயர், மோட்டார் வைத்தவர் பெயர் என்றும் கேட்காதீர்கள், தனிநபர் விவரம் என்று மறுக்கப்படும். எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் அந்தச் சாக்கு இல்லை. நூலகத்தையும் தண்ணீரையும் ஒரே மனுவில் சேர்க்க வேண்டாம். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். நேரில் பார்க்க முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை. போகும்போது எண்ணெழுத்து நிதானமாகப் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள், போனில் படம் எடுக்க அனுமதி கேளுங்கள்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால், அல்லது அரைகுறையாக வந்தால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கட்டணம் கிடையாது. யாருக்கு அனுப்புவது என்பதை மறுப்புப் பதிலிலேயே குறிப்பிட வேண்டும். அதற்கும் பதிலில்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையில் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. தவறிய அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் போடலாம். ஆனால் ஆணையத்தில் வரிசை நீளம். என் கணிப்பில், ஊர்த் தண்ணீர் விவகாரத்துக்கு முதல் மேல்முறையீட்டோடு தாள் கைக்கு வந்துவிடுவதுதான் அதிகம்.

ஊராட்சி மணி 155340, முதல்வரின் முகவரி 1100 என்ற புகார் எண்கள், கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனு எல்லாவற்றையும் முதலிலேயே போட்டுவிடாதீர்கள். வெறும் மனு மாவட்டம் போய், அங்கிருந்து ஒன்றியம் வந்து, நீங்கள் முதலில் கொடுத்த அதே மேசைக்கே வரும். கையில் கேட்பு நோட்டீஸும் மின்கட்டண ரசீதும் சேர்ந்த பிறகு, அவற்றின் நகலை இணைத்துத் திங்கட்கிழமை கொடுங்கள். ஊராட்சிகளின் ஆய்வாளர் மாவட்ட ஆட்சியர்தான். கணக்கும் ரசீதும் முரண்படுவதைக் காட்டும் மனுவை வெறுமனே கீழே தள்ளிவிட அவர் அலுவலகத்துக்கும் சங்கடம்.

மனஸ்தாபம் பற்றிச் சொன்னீர்கள். ஒரே தோட்டத்து வரப்பில் தினமும் முகம் பார்க்க வேண்டியவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை. கேள்வியில் ஆள் பெயர் வராமல், தொட்டி, மீட்டர், கம்பம், பதிவேடு மட்டும் வரட்டும். கிராம சபையில் நீங்கள் தனியாக எழுந்திருக்காமல் மகளிர் குழு சார்பில் எழுதிக் கொடுங்கள். தகவல் உரிமை மனுவைக் குழுவின் பெயரில் போட்டால் திரும்பிவிடும், தனி ஆள் பெயரில்தான் போட வேண்டும். ஆனால் அந்த ஆள் உங்கள் ஊராக இருக்க வேண்டியதில்லை. கோவையிலோ பெங்களூரிலோ இருக்கும் உங்கள் மகனோ மகளோ அந்த முகவரியிலிருந்தே போடலாம். எதற்குக் கேட்கிறீர்கள் என்ற காரணத்தைச் சொல்லவும் தேவையில்லை.

தண்ணீருக்குக் கேட்கும் காலத்தை 2025 ஜனவரி 6-க்குப் பிறகே வைத்துக்கொள்ளுங்கள், தனி அலுவலர் காலம் மட்டும்தான் அதில் வரும், பங்காளி வீட்டை அது தொடாது. குறை இப்போதையது என்பதால் பழைய கணக்கு அதற்குத் தேவையுமில்லை. சமுதாயக் கூடம் பழைய காலத்து வேலையாக இருந்தால், அந்த மனுவை ஊராட்சிக்கு அனுப்பாமல் யூனியன் ஆபீஸ் பொறியாளர் பிரிவின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். எம்-புக் அங்கேதான் இருக்கும். தவறான இடத்துக்குப் போய்விட்டாலும் ஐந்து நாளில் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு.